பிளேடு போட முடியாத ரேஸர்

நன்றாக இருந்த ஒரு ரேஸர் வீணாய்ப் போனதற்குக் காரணம் அவரா, நானா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். மந்தைவெளியில் தொடங்கி அடையாறு வரை தேடினாலும், தன் தாடையை இவ்வளவு மரியாதையாக நடத்தும் இன்னொரு மனிதர் கிடைக்க மாட்டார்.

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் தனியாக இருக்கும் அவரை எல்லோரும் ரேஸர் மாமா என்றுதான் கூப்பிடுகிறோம். நிஜப் பெயர் கரண்ட் பில்லுக்கு மட்டுமே தெரியும். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் துழாவித் துழாவி வாங்கிய பழைய ரேஸர்கள் இருபத்து மூன்று வைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. கனமான பித்தளை ரேஸர், கலெக்டர். கொஞ்சம் அசந்தாலும் வெட்டிவிடுவது, வக்கீல். கைப்பிடியைத் திருகினால் தலை இரண்டு கதவாகத் திறந்துகொள்வது, கல்யாண மண்டபம்.

காலை ஏழரைக்கு ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டுவார். வானத்தைப் பார்ப்பார். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, வக்கீல் வேணாம்" என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு நுரை குழைப்பார். அந்த நேரத்தில் ஆபீஸ் கிளம்பும் எந்த ஆணும் அவரிடம் தாடையைக் காட்டாமல் கேட்டைத் தாண்ட முடியாது.

"இன்னா சார், காதாண்ட ஒரு தீவு வுட்டுட்டு போறியே?" என்று ஒருநாள் என் கணவரை நிறுத்தினார்.

"அஞ்சு பிளேடு ரேஸர் மாமா. புதுசு."

"அஞ்சா? மூஞ்சி ஒண்ணுதான கீது?"

என் கணவர் பெருங்குடி ஆபீஸ் போய்ச் சேரும்வரை காதோரத்தைத் தடவிக்கொண்டே போனாராம்.

ஒருநாள் தோசைமாவு பாக்கெட்டோடு நான் அவரிடம் மாட்டிக்கொண்டேன். முன்பெல்லாம் மடக்குக் கத்திதானாம். கழுத்தை இன்னொருத்தர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமாம். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் மெல்லிய பிளேடை இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து, அவனவன் முகத்தை அவனவனே பார்த்துக்கொள்ள வழி செய்தாராம்.

"இந்த ரெண்டு தகடும் ஒரு அம்மா மாதிரிம்மா. பிளேட ஒரு முடி அளவு எட்டிப் பாக்க வுடும், அவ்ளோதான். இடுக்கு ஜாஸ்தியா வுட்டா ரத்தம். வுடவே இல்லன்னா ஷேவிங்கே ஆவாது."

மாவு புளித்துவிடும் என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

நான் திராட்சையைக்கூட நான்காக வெட்டிக் கொடுப்பவள். பள்ளி வேன் ஐந்து நிமிடம் தாமதித்தால் மூன்று பேருக்கு போன் செய்வேன். அப்படிப்பட்டவளின் நான்கு வயது மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இல்லை. கீழே ஓடினேன். ரேஸர் மாமாவின் ஜன்னல் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். காது வரை நுரை. கையில் கலெக்டர். வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு கன்னத்தில் இழுத்துக்கொண்டிருந்தான்.

"பேசாதம்மா, வெட்டிக்கும்!" என்றான் என்னைப் பார்த்து.

"உங்களுக்கு அறிவு இருக்கா? குழந்தை கையில யாராவது பிளேடக் குடுப்பாங்களா?" என்று நான் கத்திய கத்தலில் மூன்று மாடியிலும் கதவுகள் திறந்தன.

மாமா அவன் கையிலிருந்து ரேஸரை வாங்கிக் கைப்பிடியைத் திருகினார். மூடி, தகடு, கைப்பிடி என்று மூன்று துண்டுகள் உள்ளங்கையில் கிடந்தன.

"பிளேடு போடலம்மா. நீயே பாரு."

பார்த்தேன். அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "இன்னிக்குப் போடல, நாளைக்கு?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையை நுரையோடு தூக்கிக்கொண்டு படியேறினேன்.

மறுநாள் ஜன்னலில் கண்ணாடி இல்லை. அவர் ஷேவிங்கை உள்ளே, அழுது வடியும் பல்பு ஒன்று எரியும் குளியலறைக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். மூன்றாம் நாள் அவர் பால் வாங்க வந்தபோது தாடையில் செய்தித்தாள் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. வக்கீலையே அடக்கி வைத்திருந்த மனிதருக்கு ரத்தக் காயம்! "இப்பல்லாம் என் தாடையை யாருமே பார்க்கறதில்ல" என்று என் கணவர்கூடக் குறைப்பட்டுக்கொண்டார்.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. போன வாரம் எங்கள் கதவுப் பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே கலெக்டர். கைப்பிடியைத் திருகினேன், திரும்பவில்லை. மூடியையும் தகட்டையும் சேர்த்துப் பற்றவைத்து, ஓரமெல்லாம் அரத்தால் ராவி வழவழப்பாக்கியிருந்தார். காகிதம்கூட நுழைய இடுக்கு இல்லை. ரேஸரில் ஒரு கீறல் விழுந்தாலே துடித்துப்போகிறவர் தன் கையாலேயே அதைக் கெடுத்திருந்தார்.

கீழே ஓடினேன். "மாமா, நல்ல ரேஸர இப்படிப் பண்ணிட்டீங்களே?"

"இனிமே பிளேடு போட முடியாதும்மா," என்றார். "நாளைக்கும்."

என் வாயில் வந்தது ஒரு "தேங்க்ஸ் மாமா" மட்டும்தான்.

மகன் இப்போது எங்கள் குளியலறையில் ஷேவிங் செய்கிறான். ஆனால் ஜன்னலில் செய்தால்தான் அது ஷேவிங்காம். இடுக்கே விடாத தகடாக நான் இருந்துவிட்டேனோ என்று யோசிக்கிறேன். திராட்சையை இன்னும் நான்காகத்தான் வெட்டுகிறேன்.

வாசகர்களே, தாமதமாகிப்போன மன்னிப்பை எப்படித் தொடங்குவது? வரும் ஞாயிறு ஏழரைக்கு என் முகம் பார்க்கும் கண்ணாடியையும் மகனையும் எடுத்துக்கொண்டு கீழே போகலாம் என்றிருக்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டுமா, கண்ணாடியை அவர் ஜன்னலில் மாட்டிவிட்டு நின்றால் போதுமா? கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். இன்று காலை அவர் தாடையில் மூன்று துணுக்குகள் இருந்தன.