நீங்க எடுங்க மச்சான்

ஷட்டில் ஆடத் தெரியும் என்று மாமனார் வீட்டில் நான் சொன்னது முழுப் பொய் அல்ல. முக்கால் பொய். கடலாடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் நான், ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஆடுவேன். எங்கள் ஆட்டத்தில் பாயிண்ட் எண்ணுகிற வழக்கம் கிடையாது. யாருக்கு முதலில் மூச்சு வாங்குகிறதோ அவர் தோற்றவர். இந்தத் தகுதியை வைத்துக்கொண்டுதான் பெண் பார்க்கப் போன இடத்தில், "டபுள்ஸ் கொஞ்சம் நல்லாவே ஆடுவேன் மாமா" என்று அளந்துவிட்டேன். (அந்தக் 'கொஞ்சம்' அடக்கத்துக்காகச் சேர்த்தது. அந்தப் பேச்சில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.)

நிக்காஹுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வினை வந்தது. பெண்ணின் அண்ணன் ரியாஸ் மச்சான் கத்தாரிலிருந்து விடுமுறைக்குத் தொண்டிக்கு வந்திருந்தார். போன் செய்தார்.

"மாப்ள, வார ஞாயித்துக்கெழம சாயங்காலம் அஸர் தொழுதுட்டு இங்கன நம்ம கோர்ட்ல டபுள்ஸ் போட்டி. நம்ம ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன். சொந்தக்காரவுக எல்லாரும் பாக்க வாராக."

அந்தச் சொந்தக்காரர்களில், 'கடலாடிக்காரனுக்கா பொண்ணு குடுக்குறீக?' என்று இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. தோற்றால்கூடப் பரவாயில்லை; மாப்பிள்ளை ஒரு புளுகன் என்று பெயர் வந்துவிட்டால்?

அந்த வாரம் முழுக்க, கடையில் உட்கார்ந்து டபுள்ஸ் வீடியோவாகப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. இருமல் மருந்து கேட்டு வந்த பெரியவர் ஒருவர், நான் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் பக்கவாட்டில் குதிப்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, மொதல்ல நீ ஏதாச்சும் மாத்திர போடு" என்று சொல்லிப் போய்விட்டார்.

கற்றது இதுதான்: அடிக்கும்போது ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். தடுக்கும்போது இருவரும் பக்கம் பக்கமாக. இருவருக்கும் நடுவில் காக் வந்தால், எடுப்பவர் 'எனக்கு!' என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட வேண்டும். கடைசிப் பாடம் ரொம்பச் சுலபமாகத் தெரிந்ததால் அதை மட்டும் பழகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தகரக் கூரை போட்ட கோர்ட். சுற்றிலும் நாற்காலிகளில் என் வருங்காலச் சொந்தங்கள். எதிரே திருப்பாலைக்குடியிலிருந்து வந்த அண்ணன் தம்பி. ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள். "ஏலே, நான்!" "விடுறா!" என்பதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சே இல்லை.

முதல் காக், எனக்கும் மச்சானுக்கும் மிகச் சரியாக நடுவில் வந்தது. நான் 'எனக்கு!' என்று கத்தியிருக்க வேண்டும். ஆனால் மச்சான் என்னைவிட ஆறு வயது மூத்தவர். பெண் கொடுக்கிற வீட்டுக்காரர். அவர் முன்னால் நின்று எனக்கு, எனக்கு என்று பறப்பதா? நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சகன் தட்டில்கூட, நல்ல கறித்துண்டைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிட்டுத்தான் நாங்கள் கை வைப்போம். வளர்ந்த வளர்ப்பு அப்படி. வாய் தானாகச் சொன்னது.

"நீங்க எடுங்க மச்சான்."

"இருக்கட்டும் மாப்ள, நீங்க அடிங்க."

காக் தரையில் விழுந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். இரண்டாவது முறையும் அதேதான். மூன்றாவது முறை சிரிக்கவில்லை. எதிராளிகளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் அடித்ததெல்லாம் நடுவில்தான். பதினொன்றுக்கு இரண்டு என்று பின்தங்கி நிற்கும்போது இடைவேளை விட்டார்கள். நாற்காலிகளில் யாரோ களுக்கென்று சிரிப்பது கேட்டது.

மாமா தண்ணீர் பாட்டிலோடு வந்தார். "என்னப்பா, வெளையாட வந்தீகளா, விருந்துக்கு வந்தீகளா? ஆளாளுக்கு மரியாத குடுத்துக்கிட்டு நிக்கிறீக! நடுவுல வந்தா எடுங்கப்பா!"

அவமானம் பிடுங்கித் தின்றது. மரியாதையாவது மண்ணாவது, இனி நடுவில் வருவதெல்லாம் என்னுடையது என்று முடிவெடுத்தேன். அதை மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரும் அதே முடிவை எடுத்திருந்தார் என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

அடுத்த காக் நடுவில் வந்தது. "எனக்கு!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு பாய்ந்தோம். என் பேட் அவர் புருவத்தில், அவர் பேட் என் மூக்கில். காக் வழக்கம்போல் எங்களுக்கு நடுவில் விழுந்து கிடந்தது.

மச்சான் முகத்தில் ரத்தத்தைப் பார்த்ததும் என் மூக்கு மறந்தே போயிற்று. கல்யாணம் நின்றது என்றுதான் நினைத்தேன். கண்ணீர் வந்துவிட்டது. (வியர்வை என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை.)

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தையல் போட வந்தார்.

"மச்சானுக்கு மொதல்ல போடுங்க சிஸ்டர்" என்றேன்.

"அதெப்படி? மாப்பிள்ளைக்குப் போடுங்க, நான் இருக்கேன்" என்றார் மச்சான்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்ற நர்ஸ், கையில் கிடைத்த முகத்தில் ஆரம்பித்தார். அது என்னுடையது.

வெளியே வந்ததும் போன் அடித்தது. நஸ்ரின், நான் கட்டிக்கொள்ளப் போகும் பெண். எடுக்கவே பயமாக இருந்தது.

"அண்ணனுக்கு எத்தன தையல்?" என்றாள்.

"மூணு."

"உங்களுக்கு?"

"ரெண்டு."

திட்டு விழப்போகிறது என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"அப்ப இதுலயாச்சும் எங்க வீடு உங்கள ஜெயிச்சிருச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூக்கு வலிக்கத் தொடங்கியது.

நிக்காஹ் அன்று எனக்கு மூக்கில் பிளாஸ்திரி, மச்சானுக்குப் புருவத்தில் பிளாஸ்திரி. இரண்டு வீட்டுக்கும் கைகலப்பாகி, ஜமாத்தில் பேசிச் சமாதானம் செய்து கூட்டி வந்திருக்கிறார்கள் என்று பந்தியில் பேச்சு. ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறார்கள்.

மச்சான் லீவில் வரும்போதெல்லாம் ஒரே சகனில் உட்காருவோம். போன பெருநாளைக்கும் அப்படித்தான். கடைசியில் ஒரு கறித்துண்டு நடுவில் கிடந்தது. இருவர் கையும் பின்னால் போயிற்று. அடுக்களையிலிருந்து மாமா குரல் கொடுத்தார்: "நடுவுல கெடக்குப்பா!"

"நீங்க எடுங்க மச்சான்" என்றேன்.

"இருக்கட்டும் மாப்ள" என்றார்.

குழம்புச் சட்டியோடு ஆணம் ஊற்ற வந்த நஸ்ரின் குனிந்து அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் கேக்கல. அப்ப எனக்கு."