வெள்ளம் வந்த வட்டை

தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்ல, போன மாரி வரை எனக்கு வாய் வந்ததே இல்லை. கேள்வி முடியுமுன் பதில் புறப்பட்டுவிடும்.

எங்கள் ஆசிரியர் கல்லூரி வாவிக்கரையில் இருக்கிறது. நான்கு கட்டடங்கள், ஒரு விடுதி. மார்கழி மழையில் வாசலிலிருந்து மண்டபம் வரையுள்ள பாதையும் பக்கத்து வாய்க்காலும் ஒரே தண்ணீராகிவிடும். அப்படியொரு காலையில் வாசலில் ரிஃப்கானா ஓர் அட்டைப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். ஓட்டமாவடிப் பிள்ளை. வேறு பிரிவு என்பதால் அன்றுவரை பேசியதில்லை. பெட்டிக்குள் காகிதக்கூழில் ஒரு வாரமாகச் செய்த வயல்வட்டை, வரம்பும் வாய்க்காலுமாக. அரை மணியில் விரிவுரையாளர் முன் அவள் நடத்திக்காட்ட வேண்டிய மதிப்பீட்டுப் பாடம். தவறினால் அடுத்த வருடமும் அதே பாடம்.

"சைக்கிள்ல ஏறுங்க. இந்தப் பாதை எனக்குத் தண்ணிபட்ட பாடு" என்றேன். (கல்லூரிக்கு வந்தே மூன்று மாதம்.)

"எது பாதை, எது வாய்க்கால் எண்டு தெரியுமா?"

"அந்தா கொக்கு நிக்குதுல்ல? அங்க கொக்குக் கால் அளவு தண்ணிதான். நேர விட்டாச் சரி."

(கொக்கு ஆற்றுவாழைப் பற்றை மேலும் நிற்கும் என்பது வாவிக்கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். நான் நகரத்துப் பிள்ளை. இயற்கையைப் புத்தகத்தில் படித்தவள்.)

நேரே விட்டேன். கொக்கு பறந்தது. அது நின்ற பச்சைப் பற்றை மெல்ல மிதந்து விலகியது. அடுத்த கணம் இடுப்பளவு வாய்க்காலில் நாங்கள். எங்களுக்கும் அடியில் பெட்டி.

அதுவரை 'நீங்க' என்றவள் தண்ணீரைத் துப்பிவிட்டு, "உண்மையச் சொல்லு புள்ள, உனக்கு வழி தெரியுமா?" என்றாள்.

"தெரியா."

"அல்லாஹ்! இத மேல நிக்கக்குள்ள சொல்லியிருக்கலாமே!"

அழுவாள் என்று பார்த்தேன். சொட்டச் சொட்டப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தாள். பின்னால் நான் சைக்கிளோடு, பிணத்துக்குப் பின் போகிறவள் மாதிரி.

விரிவுரையாளர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ள இது, கூழா?"

"வெள்ளம் வந்த வட்டை, மெடம்."

அவள் பிரிவுக்காரர்களோடு நானும் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்துகொண்டேன். பிறகு நடந்ததுதான் பாடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளாக நடித்துக்கொண்டிருந்த நாங்கள் உண்மையாகவே பிள்ளைகளாகிவிட்டோம். வரம்பு எங்கே உடைந்தது, தண்ணீர் ஏன் இந்தப் பக்கம் பாய்ந்தது, எந்தப் பயிர் பிழைக்கும் என்று அந்தக் கூழைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அரை மணியில் ஒரு தடவைகூடக் குரல் நடுங்கவில்லை. எனக்குத்தான் பல் கிட்டியது.

யாரோ கை உயர்த்தி, "டீச்சர், வெள்ளம் எப்படி வந்தது?" என்று கேட்டார்கள்.

சோக்கட்டியால் என்னைக் காட்டினாள். "அந்தா, பின் வாங்கில இருக்கு."

விரிவுரையாளர் சிரித்த சிரிப்பில் புள்ளித்தாள் கீழே விழுந்தது. அந்தப் பிரிவில் அவளுக்கே முதலிடம்.

இப்போது லீவு விட்டால் நான் ஓட்டமாவடியில்தான். அவளுடைய வாப்பா ஆட்டோவோடு பஸ் தரிப்பிடத்தில் நிற்பார். அங்கிருந்து வீட்டுக்கு ஒரே நேர் ரோட்டு, திரும்பக்கூடத் தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் நான் ஏறியதும், சாவியில் கைவைத்தபடி திரும்பிப் பார்ப்பார்:

"மகள், நீங்க வழி மட்டும் சொல்லிராதீங்க."