பக்கத்து இடத்துக்கான விண்ணப்பம்

அன்புள்ள மச்சான் ரத்தினசாமி அவர்களுக்கு,

ஆம்பூரிலிருந்து உங்கள் தங்கை புருஷன் கனகராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் ஜாஸ்மினும் சுகம். அரக்கோணத்தில் நீங்களும் கெங்கம்மாள் அக்காவும் சுகமாக இருக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன் என்று முப்பது வருடமாக எழுதி வந்திருக்கிறேன். இன்று காலை பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. எந்த இறைவன், அவர் எல்லாம் வல்லவர் என்பதற்கு என்ன ஆதாரம், அவரிடம் வேண்டிக்கொள்ள எனக்கு என்ன தகுதி என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்துப்பூர்வமாகப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இப்போது நான் இருக்கிறேன். ஆகையால் நீங்கள் சுகமாக இருந்தால் சரி.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு வீட்டிலுள்ள அத்தனை பேரையும் கருத்துச் சொல்ல விடுவீர்கள். இது ஒருவர் கருத்தையே தாங்காத விஷயம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு உங்கள் தங்கை பூங்காவனம் போய் ஒரு வருடம் ஆகிறது. அவளை அடக்கம் செய்த அன்று நீங்கள் என் தோளைப் பிடித்து, "மாப்ள, பக்கத்துல எடம் புடிச்சு வை, அப்பறம் கெடைக்காது" என்று ஜன்னலோரச் சீட்டைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னீர்கள். ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் இருந்தவர் இட விஷயத்தில் தவறாகச் சொல்ல மாட்டார். அவள் ஞானஸ்நானம் வாங்கிய சபையின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. கணவன் மனைவியில் ஒருவர் போய்விட்டால் பக்கத்து இடத்தை மற்றவருக்காக ஒரு வருடம் காலியாக வைத்திருப்பார்கள். அதற்குள் உயிரோடு இருப்பவர் விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். இப்போது வரிசையில் முதலில் நிற்பவர் ஒரு ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர். தினமும் விடிகாலையில் மைதானத்தை ஏழு சுற்றுச் சுற்றுகிறார், அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா கனகராஜ், ஏதாவது முடிவு பண்ணியா" என்று விசாரிக்கிறார். பூங்காவனத்துக்குப் பக்கத்தில் நியாயத்தீர்ப்பு நாள் வரைக்கும் ஒரு பி.டி. மாஸ்டர் படுத்திருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விண்ணப்பம் ஒரே ஒரு தாள்தான். பெயர், வயது, முகவரி, கடைசியில் மதம். முதல் மூன்றையும் அடக்கம் முடிந்த மறுவாரமே எழுதிவிட்டேன். நான்காவது பதினோரு மாதமாகக் காலியாக இருக்கிறது.

ஜாஸ்மின் ஷூ கம்பெனி பஸ் வருவதற்குள் தலை பின்னிக்கொண்டே இதைத் தீர்த்துவிடப் பார்த்தாள். "கிறிஸ்டியன்னு எழுதுங்கப்பா. யாரு வந்து செக் பண்ணப் போறாங்க" என்றாள். நான் ஞானஸ்நானம் வாங்காதவன் என்றேன். "அப்ப இந்துன்னு எழுதுங்க. சர்டிபிகேட்ல அப்படித்தானே கீது." அப்படி எழுதினால் இடம் தரமாட்டார்கள் என்றேன். "எடம் வேணுமா, உண்மை வேணுமா, முதல்ல அதச் சொல்லுங்க. பஸ் வந்துடும்" என்றாள். பஸ் வந்துவிட்டது. இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஆன்மிக உதவி அவ்வளவுதான்.

பொய் எழுத எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் தோல் கம்பெனியில் தரம் பிரிக்கும் மேஜையில் நின்றவன் நான். தோலை விரித்து உள்ளங்கையால் ஒருமுறை தடவுவேன். உண்ணி கடித்தது எங்கே, முள் கீறியது எங்கே, உரித்தவன் கத்தி எங்கே தவறியது எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். வாலோரம் நம்பர் எழுதி ஐந்து அடுக்கில் ஒன்றில் போட்டுவிடுவேன். ஒரு தோலுக்குப் பன்னிரண்டு வினாடி. ஒருமுறை முதலாளி மகன் இரண்டாம் தரத்தை முதல் தரத்தோடு சேர்த்து எழுதச் சொன்னார். மாட்டேன் என்றேன். எட்டு மாதம் பச்சைத் தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழிப் பக்கம் போட்டார்கள். அந்த வாடையோடு நான் வீட்டுக்கு வந்த எட்டு மாதமும் பூங்காவனம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சோப்பை மட்டும் மாற்றினாள்.

அதே கையை என்மேல் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரிபடவில்லை மச்சான். குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்போது கை தானாகக் குவிந்துவிடுகிறது. பிறகு இது யாருடைய கை என்பதுபோல் அதைப் பார்க்கிறேன். சபையில் பாட்டு எழும்பினால் வாய் கூடவே முணுமுணுக்கிறது, பிரசங்கம் தொடங்கியதும் நின்றுவிடுகிறது. தர்காவைத் தாண்டும்போது செருப்புச் சத்தம் வராமல் நடக்கிறேன். யாரும் அப்படி நடக்கச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது வெளியே நின்று எனக்குத் தெரிந்த எல்லாப் பெயர்களையும் சொன்னேன். ஒருவரும் வரவில்லை. அன்றோடு விட்டுத் தொலைத்திருந்தால் விண்ணப்பத்தில் ஒரு வார்த்தையில் எழுதி முடித்திருப்பேன். ஆனால் வராதவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இல்லாதவர்கள்மேல் ஒருவனுக்கு இத்தனை நாள் கோபம் நிற்குமா என்பதுதான் என் குழப்பம்.

உங்கள் வீட்டில் இந்த விவகாரம் நேர்த்தியாக நடப்பதை நான் பொறாமையோடு பார்த்திருக்கிறேன். சான்றிதழில் ஒன்று, பீரோ கதவுக்குப் பின்னால் ஒன்று, நெஞ்சு வலித்தால் ஒன்று. எதற்கும் எதனோடும் தகராறு இல்லை. அந்த நிர்வாகத் திறமை எனக்கு இல்லை.

சரி, ஒன்றுமே இல்லாதவன் என்றாவது பெயர் வாங்குவோம் என்று நவநீதனிடம் போனேன். எங்கள் பழைய யூனியன் ஆள், கடவுள் கிடையாது என்று படிப்பகம் நடத்துகிறார். சேரில் உட்கார வைத்து விசாரணை மாதிரி கேட்டார். "ஆடி மாசம் கூழ் ஊத்தறாங்களே, குடிச்சியா?" குடித்தேன் என்றேன். "பசிக்குக் குடிச்சியா, பக்திக்குக் குடிச்சியா?" வரிசையில் நின்றபோது பசிக்கு, கையில் வாங்கியபோது எதற்கென்று தெரியவில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கனகராஜ், நீ நல்ல மனுசன். ஆனா எங்களுக்கு ஆவமாட்ட" என்றார். போகும்போது படிக்கச் சொல்லி நாலு சிறுவெளியீடு கொடுத்தார். கடவுள் இல்லை என்பதற்கு நாற்பது காரணங்கள் இருந்தன. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தன. அன்று பூங்காவனம் இல்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்து அதைப் படித்ததால் முப்பத்தொன்றாவது காரணத்தோடு மூடி வைத்துவிட்டேன்.

அடுத்தது குர்ஷித் பாய். என்னோடு அதே மேஜையில் எதிர்ப்பக்கம் நின்றவர். "தோஸ்த், உனக்கு இதுல இன்னா பேஜாரு" என்றார். நம்பிக்கை பற்றாத பேஜார் என்றேன். "கெடயாது. கம்மியா இருந்தா ஒத்த வார்த்தைல எழுதிட்டுப் போயிருப்ப. உனக்கு ஜாஸ்தி. ஜாஸ்தியானது அந்தக் கட்டத்துல அடங்கல." இதை அப்படியே எழுதிவிடலாமா என்று கேட்டேன். டீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "எழுதாத. கமிட்டிக்காரன் எல்லாம் கம்பெனி ஆளுங்க. அவங்களுக்குப் புரியற மாதிரி எழுது" என்றார்.

அங்கேதான் நான் புத்தி கெட்டுப் போனேன். கம்பெனி ஆட்களுக்குப் புரிகிற மாதிரி என்றால் எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றே ஒன்றுதான். ஒரு முழுத் தாளில் தோல் பரிசோதனை அறிக்கை போடுகிற மாதிரியே என்னைப் போட்டேன். முதுகுப் பகுதி சீராக உள்ளது. கழுத்தில் பழைய சுருக்கங்கள், பெற்றோர் வழி வந்தவை. வயிற்றுப் பகுதி தளர்வு. ஆழமான வெட்டு ஒன்று, சென்ற வருடம் ஏற்பட்டது, இழுத்தால் கிழியலாம். நம்பத்தக்க பரப்பு சுமார் அறுபது சதவீதம். கீழே பழைய பழக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டேன்.

கமிட்டியில் இருக்கும் ஏழு பேரும் ஷூ கம்பெனியிலோ தோல் கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்கள். செயலாளர் பிரேம்குமார், டைம் ஆபீஸில் இருப்பவன், போன வருடம்தான் பொறுப்பேற்றான். என் தாளை அவனே சத்தமாக வாசித்தான். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை. ஏழு பேரும் வேலைக்கு உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் ஒருவர், "அறுபது பர்சென்ட்னா நாங்க கம்பெனில எடுக்க மாட்டோம், திருப்பி அனுப்பிடுவோம்" என்றார். இன்னொருவர், "அந்த வெட்டு எந்தப் பக்கம்? ஓரத்துல இருந்தா பரவால்ல" என்று அக்கறையாகக் கேட்டார். நடுவில் என்றேன். "நடுவுலன்னா கஷ்டம்" என்று தலையை ஆட்டினார். கூட இருந்த போதகர் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஜெபித்தாரா, சிரிப்பை அடக்கினாரா தெரியவில்லை. முக்கால் மணி நேரம் விவாதித்து என்னை 'ஹோல்ட்' என்று எழுதினார்கள். வாங்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் கிடக்கிற சரக்குக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டி மூலையில் வைப்போம், அதற்குப் பெயர் ஹோல்ட். அந்த மூலையிலிருந்து எழுந்து வெளியே போன தோலை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிரேம்குமார் நல்ல பையன்தான். வாசல் வரைக்கும் வந்து, "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றான். "வாரா வாரம் அக்கா கல்லறைகிட்ட உக்காந்து பேசறீங்களே. அவங்களுக்குக் கேக்குதுன்னு நம்பறீங்களா?"

"இல்ல" என்றேன்.

"அப்ப ஏன் பேசறீங்க?"

"பேசலன்னா அவ இன்னா நெனைப்பா?"

அவன் அதையும் குறிப்பேட்டில் எழுதப் போனான். வேண்டாம் என்று சொன்னேன்.

கடைசியாக ஒரு வழி விட்டிருக்கிறார்கள். இறந்தவரின் கூடப் பிறந்தவர் யாராவது நேரில் வந்து என் விசுவாசத்தைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்தால் மறுபடியும் பரிசீலிப்பார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வாருங்கள். எனக்கு விசுவாசம் இருக்கிறது என்று நீங்கள் எழுத வேண்டாம், உங்களையும் பொய்க்கு இழுக்க மாட்டேன். ஆறு வருடம் வெள்ளிக்கிழமை தோறும் அவளை மாதனூர் ஜெபக் கூட்டத்துக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டேன், முடிகிற வரைக்கும் வெளியே உட்கார்ந்திருந்தேன், ஒருநாளும் உள்ளே கூப்பிடவில்லை என்று கோபித்ததில்லை, ஒருநாளும் உள்ளே போகவுமில்லை என்று எழுதுங்கள். அவ்வளவும் உண்மை. அதற்கு என்ன பெயர் என்பதை அந்த ஏழு பேர் கண்டுபிடிக்கட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். மூட்டு வலிக்கு அந்தத் தைலத்தைத் தொடரச் சொல்லுங்கள், அதிலாவது நம்பிக்கை வைக்கலாம். பிள்ளைகள் எல்லாரும் நீண்ட ஆயுளோடு, எந்தப் படிவத்திலும் மாட்டிக்கொள்ளாமல் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
கனகராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போன நேரத்தில் பிரேம்குமார் வந்தான். பழைய செயலாளர் வீட்டுப் பீரோவிலிருந்து எடுத்ததாக ஒரு பதிவேட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தான். வியாதி தெரிந்த மாதமே பூங்காவனம் எனக்குச் சொல்லாமல் போய்த் தன் இடத்துக்கு எழுதி வைத்திருக்கிறாள். துணைவருக்குப் பக்கத்து இடம் வேண்டுமா என்ற கேள்விக்கு எதிரில், அவள் கையெழுத்தில், நீங்கள் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவீர்கள்: "வேண்டாம். அவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. எனக்காகப் பொய் எழுதிவிடுவார். அந்தப் பாவம் அவருக்கு வேண்டாம்."

ஆகவே நீங்கள் எழுதிக் கொடுக்க ஒன்றுமில்லை. பதினோரு மாதமாக நான் பிடித்து வைத்திருந்த இடம் எனக்காக வைக்கப்பட்டதே இல்லை. பி.டி. மாஸ்டருக்கு இன்னும் தெரியாது.

ஆனால் மச்சான், 'வேண்டாம்' என்றது அவள் இஷ்டம், மற்றபடி அவள் எழுதியது தவறு. நம்பிக்கை இல்லை என்று என்னை ஒரேயடியாக எழுத அவளுக்கு யார் சொன்னது? அந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்று பிரேம்குமாரிடம் சண்டை போட்டேன். அவன் விதியை எடுத்துக் காட்டினான். பதிவேட்டில் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தக் கூடாது. எழுதியவரே நேரில் வந்து அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் வருவாள் என்று நான் நம்பினால் அவள் எழுதியது தவறு. வரமாட்டாள் என்றால் அவள் எழுதியது சரி.

அந்தப் பதிவேட்டை இப்போதைக்குப் பூட்டி வைக்க வேண்டாம், கொஞ்ச நாள் வெளியிலேயே இருக்கட்டும் என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.