பரேடு அண்ணன் கட்டிய வரப்பு

தஞ்சாவூரில் தொடங்கி முத்துப்பேட்டைக் கடல் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், கறிக்கோழியைப் போல அச்சு அசலாக நொண்டிக் காட்டத் தெரிந்த மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் பரேடு அண்ணன்.

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். ஊர் அதை மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மன்னார்குடிக்குப் பக்கத்தில், வயலை ஒட்டி அவருடைய கோழி ஷெட். காலை ஆறு மணிக்கு விசிலோடு உள்ளே நுழைவார். மூவாயிரம் கோழிகளும் எழுந்து நாலு எட்டு நடந்தாக வேண்டும். எழாத கோழிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து விசாரணை நடத்துவார்.

"என்னம்மா, வலது காலா, இடது காலா? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்!"

செல்வி அக்கா, அவர் மனைவி, வாசலில் நின்றபடியே கேட்பார்: "ரெண்டு வருசமா எனக்கு முட்டி வலி. ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருக்கீங்களா?"

"நீதான் நடக்கிறியே!"

நான் கோழிக் கம்பெனி சூப்பர்வைசர். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். வளர்த்துத் தருவது பண்ணைக்காரர். வாரம் இரண்டு முறை பைக்கில் போய்ப் பார்த்து, ஷெட்டில் தொங்கும் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அச்சில் வந்துவிட்ட எதையும் சந்தேகப்படும் தைரியம் அப்போது எனக்கு இல்லை.

எந்தக் கோழிக்கு என்ன கோளாறு என்று வாயால் சொல்லி நிறுத்திக்கொள்ள அண்ணனுக்குத் தெரியாது. நடித்தே காட்டுவார். பஸ்ஸுக்குள் ஒருமுறை காட்டினார். ஒரு கர்ப்பிணிப் பெண் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தாள். ஒரு கல்யாண மண்டபத்தில், "கடைசியில இப்படித்தான் தம்பி, ரெக்கைய ஊனிக்கிட்டு..." என்று இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி இழுத்து இழுத்துப் போனார். பெண் வீட்டார் சோடாவோடு ஓடிவந்தார்கள். யாரோ ஆம்புலன்ஸுக்கே போன் போட்டுவிட்டார்கள்.

குத்தகை வயலை விட்டுவிட்டு ஷெட் கட்டியவர் அவர். முந்தைய பேட்ச் கோழிகள் வெயிலில் அடிபட்டிருந்தன. இன்னொன்றும் கெட்டால் அந்த ஷெட்டுக்கு இனி குஞ்சே கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. அந்தப் பயத்தில்தான் அண்ணனுக்கு அந்த யோசனை உதித்தது.

"தம்பி, எந்நேரமும் உக்காந்தே தின்னா காலு என்னத்துக்கு ஆகும்? ஏறி எறங்கட்டும்!"

மண்வெட்டியை எடுத்தார். தரையில் பரப்பியிருந்த நெல் உமியைக் கூட்டி, தீவனத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே வரப்பு கட்டினார். ஒன்றல்ல, பதினாறு. ஷெட் நடவுக்குத் தயாரான வயல் மாதிரி ஆகிவிட்டது. மடை ஒன்றுதான் பாக்கி. நடமாட்டம் எலும்புக்கு நல்லது என்று எங்கோ படித்திருந்த நான், அட்டையில் 'மிக நல்ல முயற்சி' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்துக் கையெழுத்தும் போட்டேன்.

நாலாவது வாரம் கோழிகள் நொண்டத் தொடங்கின. வரப்பில் ஏறியவை இறங்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்தன. விசில் ஊதினால் இறக்கையை ஊன்றிக்கொண்டு பரிதாபமாகப் பார்த்தன. அண்ணன் விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். நடக்க முடியாதவற்றின் அலகுக்கு நேரே கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தபடி நாலு நாள் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார். அந்த நாலு நாளும் அவர் யாருக்கும் எதையும் நடித்துக் காட்டவில்லை.

கம்பெனி டாக்டர் அம்மா வந்தார். செத்த கோழி ஒன்றை அறுத்துத் தொடையை விலக்கினார். இடுப்பில் பொருந்தும் எலும்பின் தலை பளபளவென்று வெள்ளையாக இருக்க வேண்டும். இது மஞ்சளித்து, டீயில் நனைந்த பிஸ்கட்டாக உதிர்ந்தது.

"எலும்புக்குள்ள கிருமி. உடம்பு சரசரன்னு ஏறுது, எலும்பு தாங்கல, நுணுக்கமா விரிசல் விடுது. ரத்தத்துல வர்ற பாக்டீரியா அங்க போய் உக்காந்துக்குது. பொதபொதன்னு மேடு பள்ளத்துல ஏறி எறங்கினா விரிசல் இன்னும் அதிகமாகும்." நிமிர்ந்து ஷெட்டைப் பார்த்தார். "இந்த வரப்பு யாரோட ஐடியா?"

"என்னோடது மேடம்," என்றேன். வாய் முந்திக்கொண்டது.

"பொய்!" என்று அண்ணன் குறுக்கே வந்தார். "தம்பி வேணவே வேணாம்னு கால்ல விழாத குறையா தடுத்துச்சு. நான்தான் கேக்கல."

"இல்ல மேடம், நான்தான் கட்டச் சொன்னேன்."

"ஒனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமாடா?"

"எங்கப்பா பிடிச்ச மண்வெட்டிதாண்ணே என்னைப் படிக்க வச்சது!"

டாக்டர் அம்மா எங்கள் இருவரையும் விட்டுவிட்டு அட்டையைப் படித்தார். என் இரண்டு கோடுகளை ரொம்ப நேரம் பார்த்தார். "கிருமி குஞ்சோடவே வந்திருக்கலாம். அதையும் எழுதுறேன். முடிவு ஆபீஸ்ல," என்று காரில் ஏறினார்.

பத்து நாள் கழித்து ஆபீசில் கூப்பிட்டு, எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும், அந்த ஷெட்டுக்கு இன்னொரு வாய்ப்பும் கொடுத்தார்கள். பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். மிஞ்சிய கோழிகளைக் கம்பெனி ஏற்றிப்போன காலி ஷெட்டில் புது உமி பரப்பி, அண்ணன் மண்டியிட்டு, மேடு ஏதும் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழ முயன்றார், முடியவில்லை.

"ஆபீஸ் முடிவு வந்துருச்சுண்ணே."

"ஒன் வேல இருக்கா?"

"இருக்கு."

உமியிலேயே சாய்ந்து உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். குஞ்சு வருமா என்று அவர் கேட்டது அதற்குப் பிறகுதான்.