எடைமேடை அண்ணனின் பத்து கிலோ

செஞ்சிக்கு மூன்று மலைகள் என்று ஊருக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார்கள். நான் அங்கே உரக்கடை வைத்திருந்தபோது நான்கு இருந்தன. நான்காவது மலை என் கடைக்குப் பக்கத்தில், திண்டிவனம் சாலையில், லாரிகளை எடை போட்டபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ஊருக்கே அவர் எடைமேடை அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

நெல்லும் வேர்க்கடலையும் ஏற்றி வரும் லாரிகளைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களும் அவருக்கு லாரிகளாகவே தெரிந்தார்கள். புது மாப்பிள்ளை யாராவது போனால், "இப்ப காலி வண்டி தம்பி, ஒரு வருசத்துல லோடு ஏறிடும்" என்பார்.

அவருடைய வண்டியில் லோடு ஏறியது முட்டி வலி வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பத்து கிலோ இறக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டியில் ஆபரேஷன். ஊசி போடும்போதே நர்ஸின் கையைப் பிடித்துக்கொள்ளும் மனிதர் அவர். அன்று சாயங்காலமே என் கடைக்கு வந்து போனை நீட்டினார்.

"தம்பி, இது இன்னாமோ கேக்குது. போட்டுக் குடு."

வயது, உயரம், எடை எல்லாம் கேட்டது அந்த எடை குறைக்கும் ஆப். உடற்பயிற்சி உண்டா என்றும் கேட்டது. தினமும் ராஜகிரிக் கோட்டைக்கு ஏறப்போகிறேன் என்றார். அதையும் போட்டேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு கலோரி சாப்பிடலாம் என்றது.

"மலையும் ஏறணும், இவ்ளோவும் துன்னணுமா? ஓவர்லோடு வண்டின்னா பாதி எறக்கினாதான் ஓடும். ஆயிரம்னு போடு."

"அண்ணே, மலை ஏறுறதையும் சேத்துத்தான் அது கணக்கு சொல்லுது."

"நாப்பது டன்னு வண்டிய எடை போட்டவன்டா நானு. போடு."

போட்டேன். அதற்குப் பிறகு அவர் முன்னால் யாராலும் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. வல்லத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் தன் வடையை எடுத்துப் பக்கத்து இலையில் வைத்தார். வைத்தவர் சும்மா இருந்தாரா? அதில் எத்தனை கலோரி என்றும் விளக்கினார். அந்த ஆள் பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டார்.

துணைக்கு நானும் மலைக்குப் போவேன். ஒரு நாள் அவருடைய வெள்ளரிக்காயைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. "போவட்டும், அத என் கணக்குல கழிச்சிடு" என்றார். சொன்ன கையோடு தலை சுற்றிப் படியில் உட்கார்ந்துவிட்டார். பகலெல்லாம் இந்தத் தவம். சாயங்காலம் ஆனால் பஸ் ஸ்டாண்ட் பஜ்ஜிக் கடையில் நிற்பார். கேட்டால், "மலை ஏறினோமில்ல" என்பார். பஜ்ஜி எந்தக் கணக்கிலும் வராது.

எடை பார்ப்பதும் அவருடைய மேடையில்தான். மருந்துக்கடை மெஷின் அவருக்கு விளையாட்டுச் சாமான். ஆனால் லாரி எடைமேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். நூற்றுப்பத்து என்று நின்ற எண் மாதக்கணக்கில் அசையவில்லை. மெஷின்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினார். அந்த நேரம் பார்த்து, மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு அண்ணி வந்தார். ஒல்லியானவர், அதிகம் பேச மாட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மேடையில் அண்ணியின் எடை ஐம்பது. மாறியதே இல்லை.

"இன்னாமே, நீ ஏறு. மெஷினு யோக்கியதை தெரிஞ்சிடும்."

அண்ணி ஏறினார். நாற்பது.

அண்ணன் குதிக்காத குறை. "பாத்தியா தம்பி, பத்து கம்மியா காட்டுது." அடுத்த நொடியே முகம் மாறியது. "அப்டின்னா நான் நூத்தி இருவதா?"

சந்தேகம் தீர என்னை ஏற்றினார். எழுபது. மருந்துக்கடையில் காட்டிய அதே எழுபது. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அண்ணன் அண்ணியின் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நீ சாப்டறியா, இல்லியா?"

"நீங்க ரெண்டு இட்லியில எழுந்துடறீங்க. அதுக்கப்பறம் நான் குந்தி நாலு துன்றதா? நீங்க எவ்ளோவோ அவ்ளோதான் நானும்." தூக்கை மேஜையில் வைத்துவிட்டு அண்ணி சேர்த்துக்கொண்டார். "உங்களுக்காச்சும் சாயங்காலம் பஜ்ஜி இருக்குது."

அந்த வீட்டில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அண்ணி உட்காருவார், அவரை விட ஒரு பிடி அதிகம் சாப்பிட மாட்டார். அவர் எட்டு தோசை சாப்பிட்ட காலத்தில் இது யார் கண்ணிலும் படவில்லை.

அண்ணன் உடனே அண்ணியை மொபெட்டில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போனேன். கதை முழுவதும் கேட்ட நர்ஸம்மா அண்ணனைத்தான் பிடித்துக்கொண்டார். "மலை ஏறுற ஒடம்புக்கு ஆயிரம் எப்படி பத்தும்? பகல்ல பட்டினி கெடந்தா சாயங்காலம் பஜ்ஜிதான் கண்ணுக்குத் தெரியும். போன்ல மொதல்ல வந்ததையே ஒழுங்கா சாப்பிடுங்க. ஏம்மா, நீ உன் பசிக்கு சாப்பிடு."

மறுநாள் போன் திரும்ப என் கைக்கு வந்தது.

"அந்த ஆயிரத்து எண்ணூறையே போடு தம்பி. இதுல அவளையும் சேக்க எடம் இருக்குதா?"

"இல்லண்ணே, ஒரு ஆளுக்குத்தான்."

"இன்னா ஆப்புடா இது. ஒருத்தனுக்கு மட்டும் சோறு போடுது."

அன்றிலிருந்து எடைமேடை அறையில் மதியம் இரண்டு தட்டு. அண்ணி வாயில் வைக்காமல் அவர் தொட மாட்டார். வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தால், "அவ சாப்டுக்கினு இருக்கறா, நில்லு" என்று உள்ளிருந்து குரல் வரும். வயிறு நிறைந்ததும் பஜ்ஜிக் கடை தானாக மறந்துபோனது. ராஜகிரிப் படியில் அவர் அதன்பிறகு தலை சுற்றி உட்காரவில்லை.

பல மாதம் கழித்து ஒரு மதியம் அண்ணி மேடையில் ஏறினார். ஐம்பது. முட்டி வலிக்காரர் சாலையைத் தாண்டி ஓடினார். மைசூர்பாகு வாங்கிவந்து நின்ற லாரிக்கெல்லாம் கொடுத்தார். நான்தான் அவரைப் பிடித்து இழுத்து மேடையில் நிற்க வைத்தேன். நூறு.

"அண்ணே, டாக்டர் சொன்ன பத்து எறங்கிடுச்சு. ஆபரேசன் வேணாம்."

அவர் தன் எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது கெடக்குது தம்பி. நீ அம்பதப் பாத்தியா?"

நான் இப்போது விழுப்புரத்தில் இருக்கிறேன். சாப்பிட உட்கார்ந்தால் என் மனைவியின் தட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கிறேன். கை வைக்கும்போதெல்லாம் அந்த நான்காவது மலையைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.