பின்பக்க இடது சக்கரமும் சம்பந்தியம்மாவும்

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியின் உயரத்தைச் சரிசெய்யும்போது, நான்கு சக்கரங்களிலும் அளவெடுத்த நேரத்திலிருந்து அந்த அளவுகளைக் கணினியில் பதியும்வரை யாரும் வண்டியில் ஏறவோ இறங்கவோ கூடாது. இது விதி. வாகனப் பரிசோதனை நிலையத்தில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வுபெற்றவன் நான். இதை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காகப் பரிந்துபேச வேண்டாம்.

வண்டி என் மருமகன் தினேஷுடையது. காடு, மலை, ஆறு எதையும் கடக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் ரகம். (அது இதுவரை கடந்த மிகப் பெரிய மலை, சிங்கப்பூரின் தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மாடிக் கார்நிறுத்தத்துக்கு ஏறும் சாய்தளம்.) இரும்புச் சுருளுக்குப் பதிலாகச் சக்கரத்துக்கு ஒரு காற்றுப் பை. காற்று ஏறினால் வண்டி உயரும், இறங்கினால் தாழும். எவ்வளவு உயரம் என்று கணினிக்குச் சொல்ல மூலைக்கு ஒரு சென்சார். பின்பக்க இடது சென்சாரை மாற்றியிருந்தார்கள். நேராக நிற்பது என்றால் எது என்று புதுச் சென்சாருக்கு ஒருமுறை கற்றுக்கொடுக்க வேண்டும். பட்டறையில் அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்தது.

"அதுக்கு எதுக்குப் பட்டறை? நான் இருக்கேன்ல," என்றேன். என் வாழ்க்கையின் பெரும்பாலான விபத்துகள் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

அன்றைக்கு முக்கியமான காரியம் வேறு. என் மகள் காவ்யாவின் வளைகாப்பைப் பற்றிப் பேசி முடிவெடுக்க வேண்டும். முதல் வளையலை மாமியார் போட வேண்டும். அந்த மாமியார், செம்பவாங்கில் இருக்கும் சம்பந்தியம்மா, ஒரு பள்ளி அலுவலகத்தைத் தனியாளாக ஆட்டிவைத்து ஓய்வுபெற்றவர். ஒரு வருடமாக எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. காரணம் நான். கல்யாணத்தன்று அவர் வந்த கார் தீயணைப்பு வண்டிக்கான பாதையில் நின்றது. நான் போய் விதியைச் சொல்லி, பட்டுப்புடவையோடு அவரை மழையில் இறக்கி நடக்கவிட்டேன். (செய்தது சரிதான். இதை இன்றும் சொல்வேன், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில்.)

காவ்யா கெஞ்சிக் கூத்தாடி, லிட்டில் இந்தியாவில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் அத்தைகிட்ட ரூல்ஸ் பேசாதீங்க. அவங்க வரலைன்னா எனக்கு வளைகாப்பே வேணாம்."

"நான் எங்கம்மா ரூல்ஸ் பேசறேன்?" என்றேன்.

பெண்கள் மேலே புறப்பட்டுக்கொண்டிருக்க, நானும் தினேஷும் கார்நிறுத்தத்தில் வேலையைத் தொடங்கினோம். கார்நிறுத்தத்தில் வண்டி பழுதுபார்க்கக் கூடாது. ஆனால் அளவெடுப்பது பழுதுபார்ப்பு ஆகாது என்று அவனுக்குப் பத்து நிமிடம் விளக்கினேன். பிறகு டயரில் காற்றைச் சோதித்தேன். தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே உள்ள வளைவின் விளிம்புவரை டேப் பிடித்து, நான்கு எண்களையும் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். (கையெழுத்து யாருக்காக என்று கேட்காதீர்கள்.) இனி அந்த எண்களை, வண்டியின் கணினியோடு இணைத்திருந்த கருவியில் தட்டிப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான்.

அப்போது பின்கதவு திறந்தது. டாக்சியில் சீக்கிரமே வந்துவிட்ட சம்பந்தியம்மா.

"என்ன சம்மந்தி, இன்னும் கிளம்பலையா? ஒரே புழுக்கமா இருக்கு லா," என்றபடி ஏறி, பின்பக்க இடது இருக்கையில் அமர்ந்தார். அந்த மூலை ஒரு விரல் அகலம் தாழ்ந்தது.

தினேஷ் என் காதருகே வந்தான். "மாமா, அம்மாவைக் கொஞ்சம் இறங்கச் சொல்லவா?"

"ஒரு தடவை இறக்குனது போதாதா?"

"அப்ப இன்னொரு தடவை அளந்துடலாம்."

"உங்கம்மா வந்து உக்காந்ததும் பக்கத்துல போய் டேப் பிடிச்சா, அவங்க என்ன நினைப்பாங்க?"

"அப்ப என்னதான் செய்யறது?"

"பதிஞ்சிடு," என்றேன்.

லாரி முதலாளிகள் கெஞ்சியும் மிரட்டியும் ஒரு மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்காத மனிதன், ஒரு சம்பந்தியம்மாவின் முன்னால் இருபது மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்தான். திரையில் பச்சை விளக்கு. பதிவு வெற்றி. அதாவது, சம்பந்தியம்மா உட்கார்ந்து தாழ்ந்திருந்த நிலைதான் நேர் நிலை என்று அந்தக் கணினி முழுமனதோடு ஏற்றுக்கொண்டது.

லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பூக்கடை முன்னால் வண்டி நின்றது. சம்பந்தியம்மா இறங்கினார். சுமை குறைந்த மூலை மேலே எழுந்தது. உயரம் அதிகமாகிவிட்டது என்று நினைத்த கணினி, புஸ்ஸென்று நீளமாகக் காற்றை விட்டு, அவர் இருந்தபோது எப்படியிருந்ததோ அப்படியே மறுபடி தாழ்ந்து நின்றது.

மாலை கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, நீங்க இறங்கிட்டீங்க. வண்டிக்கு இன்னும் தெரியலை போல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். "என்ன சம்மந்தி இது?"

டயரில் காற்றுக் குறைவு என்று சொல்லியிருக்கலாம். காவ்யாவின் கண்களும் அதைத்தான் மன்றாடின. ஆனால் தொழில் சம்பந்தமாக ஒரு கேள்வி வந்தால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"நான் அளந்தப்போ நீங்க உள்ள இல்லை. பதிஞ்சப்போ இருந்தீங்க. நீங்க உக்காந்திருக்கறதுதான் நேருன்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சு. இனிமே நீங்க இல்லைன்னாலும் அந்தப் பக்கம் இறங்கியேதான் நிக்கும்."

"என் வெயிட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்கீங்க."

"வெயிட்டை இல்லை," என்று திருத்தினேன். "வெயிட்டோட விளைவை."

உணவகத்தில் அவர் இலையில் போட்ட சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பிறகு டாக்சி பிடித்துப் போய்விட்டார். வளைகாப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவே இல்லை. வீடு திரும்பும்வரை காவ்யா அழுதுகொண்டே வந்தாள்.

"ஒரு போன் போட்டு மன்னிச்சிடுங்கன்னு சொல்லுங்க, போதும்," என்றாள் என் மனைவி. நான் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம், எண்ணிட்ட ஆறு பத்திகள், கூடவே சக்கரத்தின் வரைபடம் ஒன்று. என் மனைவி படித்துப் பார்த்துவிட்டு, "இது மன்னிப்பா, விபத்து அறிக்கையா?" என்று கேட்டாள். பதிவுத்தபாலில் அனுப்பினேன்.

அடுத்த வாரம் பட்டறையில் அரை மணி நேரத்தில் வண்டியை நேராக்கிவிட்டார்கள். என்னை நேராக்கத்தான் வழியில்லை. இப்போது என் பேரனுக்கு மூன்று வயது. அவன்கூட வண்டியில் ஏறுமுன், "தாத்தா, அளந்து முடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறான். யார் சொல்லிக்கொடுத்தது என்று விசாரித்தேன். எல்லோரும்தான்.

ஆனால் அந்த நாட்களில், கடிதம் அனுப்பி வாரங்கள் ஆகியும் பதில் வரவில்லை. நல்ல நாள் பார்த்து, மண்டபம் பேசி, வளையலும் வாங்கியாகிவிட்டது. தினமும் கீழே போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வருவேன். காவ்யா என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு அறைக்குள் போய்விடுவாள்.

கடைசியில் ஒரு நீல உறை வந்தது. உள்ளே ஒரே தாள், எண்ணிட்ட மூன்று பத்திகள்.

ஒன்று, தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு, அதன் நான்காம் பத்தியில் என் எடை பற்றித் தாங்கள் செய்திருக்கும் ஊகம் தவறு; மூன்று கிலோ கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். மூன்று, முதல் வளையலை நான்தான் போடுவேன்; வண்டி அனுப்ப வேண்டாம்.

காவ்யா அதை இரண்டு முறை படித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. பதில் வந்தது, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை.