சுழியன் பார்த்த வீடியோக்கள்

மக்கள் செய்தி வெள்ளத்தில் மூழ்கித் தத்தளிப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல், புதுக்கோட்டையில் தகவல் பொருத்த அலுவலகம் என்று ஒன்றைத் திறந்தார்கள். கல்யாணத்துக்குப் பார்ப்பதுபோல ஒவ்வொரு செல்போனுக்கும் பொருத்தம் பார்த்து, அவரவருக்கு வேண்டிய அறிவிப்பை மட்டும் அனுப்புவார்கள். என்ன வேண்டும் என்று கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். நாம் பார்க்கும் வீடியோக்களே சொல்லிவிடுமாம். எவ்வளவு கருணை பாருங்கள்!

கந்தர்வக்கோட்டைப் பக்கம் சிவரஞ்சனி ஒரு ஜல்லிக்கட்டுக் காளை வளர்த்தாள். பெயர் சுழியன். போன வருஷம் டோக்கன் கிடைக்காததால் அது வாடிவாசலையே பார்க்கவில்லை. இந்த வருஷம் அவிழ்த்தே தீருவதென்று ஒற்றைக்காலில் நின்றாள். கூட்டச் சத்தத்துக்கு மாடு மிரளக் கூடாதென்று தொழுவத்தில் செல்போனைத் தொங்கவிட்டு, ஜல்லிக்கட்டு வீடியோக்களைப் பகலெல்லாம் ஓடவிட்டாள். சுழியன் அசைபோட்டபடி ஒன்றுவிடாமல் பார்த்தது.

அதன்பின் போனுக்குப் பருத்திக்கொட்டை விலை வந்தது. கோமாரி ஊசி முகாம் வந்தது. 'தங்களுக்குப் பொருத்தமான பசுக்கள் அருகில் உள்ளன' என்றும் வந்தது. டோக்கன் பதிவு எப்போது என்ற அறிவிப்பு மட்டும் வரவில்லை. பதறிப்போய் பஸ் ஏறினாள்.

தகவல் பொருத்த அலுவலர் செம்மல் கணினியை உற்றுப் பார்த்தார்.

"இந்த நம்பர் ஒரு காளையோடதும்மா."

"என்னோடதுங்க. ஒங்க முன்னாடிதானே நிக்கிறேன்?"

"நிக்கிறீங்க, இல்லைங்கலை. ஆனா கணிப்புல நீங்க காளை. டோக்கன் அறிவிப்பு மாடு வளக்குறவங்களுக்குத்தான் போகும், மாட்டுக்குப் போகாது."

"ஆதார் கார்டு இருக்கு சார்."

"அதுல நீங்க யாருன்னுதான் இருக்கும். ஒங்களுக்கு என்ன பிடிக்கும்னு இருக்காதே."

"எதை வச்சு சார் என்னைய மாடுங்கிறீங்க?"

"எந்த வீடியோவையும் பாதியில விடலை. யாரோடயும் சண்டை போடலை. படிக்காம எதையும் பத்துப் பேருக்கு அனுப்பலை. மனுஷங்க செய்யிற காரியமா இது?"

சிவரஞ்சனிக்கு அழுகையே வந்துவிட்டது. "மனுஷி ஆகுறதுக்கு நான் என்ன சார் செய்யணும்?"

அலுவலர் மனமிரங்கி வழிமுறைகளை எடுத்துரைத்தார்.

வீடு திரும்பியதும் தொழுவத்திலிருந்த போனை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பார்ப்பதற்குள் அடுத்தது, அடுத்ததற்குள் அதற்கடுத்தது என்று கட்டைவிரலால் தள்ளினாள். ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போடுவதா நறுக்கிப் போடுவதா என்று முகம் தெரியாத ஒருவரோடு மல்லுக்கட்டி, அவருடைய வளர்ப்பையே பழித்தாள். முந்திரிப்பழம் தின்றால் மூட்டுவலி பறக்கும் என்பதைப் படிக்காமலே சொந்தபந்தம் முழுக்க அனுப்பினாள். முதலில் கூச்சமாக இருந்தது. போகப்போகப் பிடித்துப்போயிற்று. உலை பொங்கி அடுப்பு அணைந்தது தெரியவில்லை. சுழியன் தண்ணீருக்குக் கத்தியதும் காதில் விழவில்லை.

'வாழ்த்துகள்! தாங்கள் மனிதர் என உறுதி செய்யப்படுகிறது' என்று ஒருநாள் செய்தி வந்தது. துள்ளிக் குதித்தாள்.

ஆனால் தை பிறந்தும் டோக்கனைப் பற்றிப் பேச்சே இல்லை. மறுபடி அலுவலகத்துக்கு ஓடினாள்.

"இன்னுமா சார் நான் காளை?"

செம்மல் கணினியைத் தட்டிப் பார்த்தார்.

"அறிவிப்பு வந்துருக்கேம்மா. வந்த அன்னைக்கு ஒருநாள்தான் பதிவு. நீங்க ஒரே தள்ளாத் தள்ளிட்டு, பூனை குளிக்கிற வீடியோவுக்குப் போயிட்டீங்க."

"அப்ப யாருக்குத்தான் சார் டோக்கன்?"

"ஒருத்தருக்கும் இல்லை. மாவட்டமே தள்ளிவிட்டுருச்சு. அந்த அறிவிப்பை அனுப்புனதே நான்தான். என் போனுக்கும் வந்துச்சு, நானும் தள்ளிட்டேன்." அலுவலர் எழுந்து நின்று கும்பிட்டார். "ஆனா ஒண்ணும்மா, இனிமே ஒங்களை யாரும் மாடுன்னு சொல்ல முடியாது."